காலை ஐந்து மணிக்கு உட்காருகிறேன், மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை

அடுப்படி (ஈரோடு), திங்கள் காலை 6.40

வணக்கம். ஆறு மாதமாக இங்கே வருபவற்றைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா போன ஆவணியில் தவறினார். அதிலிருந்து தூக்கம் சரியில்லை. நாலரைக்கே விழிப்பு வந்துவிடும், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். கூட வேலை செய்யும் ஒரு அக்கா, "அந்த நேரத்துல மூச்சைக் கவனிச்சுப் பாரேன், ஆனாபானசதின்னு புத்தர் சொல்லிக்கொடுத்தது" என்றார். தை மாதத்திலிருந்து தினமும் ஐந்து மணிக்குச் சமையலறையில் ஜமுக்காளம் விரித்து உட்காருகிறேன். பால்காரர் மணியடிக்கும் வரை இருபது நிமிடம் கிடைக்கும்.

மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவேன். மூன்றைத் தாண்டுவதற்குள் மனம் போய்விடும். மாவு புளித்திருக்குமா, பையனுக்கு வேன் காசு கட்டினோமா, அப்பாவை ஒரு நாள் முன்னாடியே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கலாமோ. அந்தக் கடைசிக் கேள்வி வந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். இரண்டு மாதத்தில் பத்து வரை ஒரு தடவைகூட எண்ணியதில்லை. கால் வேறு மரத்துப்போகிறது.

என் மனசுக்கு இது ஒத்துவராதோ? பத்து நாள் தியான முகாம் போனால்தான் வருமா? "பூஜை அறை இருக்க அடுப்படியில் என்ன ஜபம்" என்று மாமியார் கேட்கிறார். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். இதைச் செய்தால் அதை விட்டுவிட வேண்டுமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


களத்துமேடு (கும்பகோணம்), திங்கள் காலை 9.05

தங்கச்சி, மனம் மூன்றில் போய்விட்டது என்று உங்களுக்குத் தெரிந்ததால்தானே இங்கே எழுதினீர்கள்? அந்தத் தெரிதலுக்குத்தான் பாலி மொழியில் 'சதி' என்று பெயர். நினைவு என்று அர்த்தம். போனதைக் கண்டு திரும்பி வருகிறீர்களே, இரண்டு மாதமாக நீங்கள் செய்துவருவது பயிற்சியேதான். இருபது நிமிடத்தில் முப்பது தடவை மனம் போய் முப்பது தடவை திரும்பினீர்கள் என்றால் முப்பது தடவை பழகியிருக்கிறீர்கள்.

எண்ணுவதைப் பற்றி விரிவாக எழுத ஆசை. என்னை இந்த வழிக்கு இழுத்ததே அதுதான்.

எங்கள் அப்பா களத்தில் நெல் அளப்பார். மரக்காலில் முதல் அளவை "ஒன்று" என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார். அந்த மரக்காலைச் சாக்கில் கொட்டி, அடுத்ததை அள்ளி நிரப்பும் வரை "லாபம்... லாபம்..." என்று வாய் ஓடிக்கொண்டே இருக்கும். நிரம்பியதும் "ரெண்டு... ரெண்டு..." நடுவில் வைக்கோல் துரும்போ கல்லோ கண்ணில் பட்டால் எடுத்துப் போடுவார். அப்போதும் எண் வாயில் நிற்கும். யாராவது வந்து பேச்சுக் கொடுத்தாலும் கணக்கு தவறாது.

பல வருடம் கழித்து விசுத்திமக்கம் படித்தேன். ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து புத்தகோசர் எழுதிய நூல். மூச்சை எண்ணப் பழகும் புதியவருக்கு அதில் அவர் காட்டும் ஆள் யார் தெரியுமா? தானியம் அளப்பவர்! அளவை நிரப்பி ஒன்று என்று சொல்லிக் கொட்டிவிட்டு, மறுபடி அள்ளும்போது குப்பை தெரிந்தால் பொறுக்கிக்கொண்டே "ஒன்று, ஒன்று" என்று சொல்வாராம். அப்படி நிதானமாக எண்ணு என்கிறார். எங்கள் அப்பாவை அவர் நேரில் பார்த்து எழுதியதுபோல இருந்தது. தான் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற தேரருடன் (மூத்த பிக்குவுடன்) தங்கியிருந்ததை அவரே தன் உரை ஒன்றின் முடிவில் குறிப்பிடுகிறார். நம் ஊர்க் களங்களைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அதே இடத்தில் ஒரு கணக்கும் சொல்கிறார். ஐந்துக்குக் குறைவாக எண்ணி நிறுத்தாதே, குறுகிய பட்டியில் அடைத்த மாடுபோல மனம் முட்டிமோதும். பத்துக்கு மேலும் போகாதே, மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதனால் உங்களுக்கு ஐந்து போதும். உள்ளே வந்து வெளியே போனால் ஒரு மரக்கால். அது முடியும் வரை "லாபம், லாபம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருங்கள். நடுவில் வேன் காசு வந்தால் அது துரும்பு, எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி லாபத்திலிருந்து தொடங்குங்கள்.

மூச்சு நன்றாகத் தெரிய ஆரம்பித்த பிறகு எண்ணும் முறை வேறு. பட்டிக் கதவில் உட்கார்ந்து, வெளியே வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு கூழாங்கல் போட்டு எண்ணும் இடையரை அதற்கு உதாரணமாகச் சொல்கிறார். அதற்கு இப்போது அவசரம் இல்லை.


இயன்முறை (மதுரை), திங்கள் காலை 11.20

காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் தொழில். வெறும் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டால் முட்டி இடுப்பைவிட உயரத்தில் நிற்கும், முதுகு கூன் விழும். ஒரு மணைக்கட்டையோ கெட்டியாக மடித்த போர்வையோ எடுத்து, அதன் முன் ஓரத்தில் உட்காருங்கள். இடுப்பு முட்டியைவிட மேலே இருக்க வேண்டும். முட்டி தரையைத் தொடாவிட்டால் அடியில் துண்டை மடித்து வையுங்கள்.

மரத்துப்போன காலோடு சட்டென்று எழுந்திருக்காதீர்கள், விழுந்துவிடுவீர்கள். நீட்டி விட்டுச் சில நிமிடத்தில் உணர்ச்சி வந்தால் கவலை இல்லை. முட்டிக்குள் குத்துவலி இருந்தால் தாராளமாக நாற்காலியில் உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும்.


மின்தொடர் (தாம்பரம்), திங்கள் இரவு 10.15

நான் இரண்டு தடவை பத்து நாள் முகாம் போனவன். என் கருத்து: முடிந்தால் போய்வாருங்கள்.

திருமுடிவாக்கம் பக்கம் தம்மசேது என்ற மையம் இருக்கிறது, அங்கேதான் போனேன். கோயங்கா வழி. அவர் 1924இல் மண்டலேயில் பிறந்த வியாபாரி. தாங்க முடியாத ஒற்றைத் தலைவலியோடு, பர்மா அரசில் கணக்குத் துறைத் தலைமை அதிகாரியாக இருந்த ஊ பா கின்னிடம் 1955இல் போய்க் கற்றுக்கொண்டார், 1969இல் இந்தியா வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். முகாமுக்குக் கட்டணம் கிடையாது. பழைய மாணவர்கள் கொடுத்த தானத்தில் நடக்கிறது, முழுதாக முடித்த பிறகுதான் நம்மிடம் தானம் வாங்குவார்கள்.

நாலு மணிக்கு மணி அடிக்கும். பத்தாம் நாள் காலை வரை பேச்சு கிடையாது. கைபேசி, புத்தகம், பேனா எதுவும் கூடாது. முதல் மூன்று நாளும் மூச்சு மட்டும்தான், மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே உள்ள சின்ன இடத்தில். நாலாம் நாள்தான் விபாசனா. தலையிலிருந்து கால் வரை உடம்பில் தோன்றும் உணர்வுகளை விருப்பும் வெறுப்பும் இல்லாமல் பார்த்துவருவது. இரண்டாம் நாள் மாலை பல்லாவரத்துக்கு எந்தப் பேருந்து போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் காலை, மேலுதட்டில் மூச்சுக்காற்று படுவது ஒரு மயிலிறகு நுனி படுவதுபோலத் துல்லியமாகத் தெரிந்தது. நாற்பத்தாறு வருடமாக அந்த இடத்தில் காற்று போய்வந்திருக்கிறது, ஒருநாளும் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதேன்.

தங்கச்சியிடம் ஒரு கேள்வி. மூச்சை நீங்கள் இழுத்து விடுகிறீர்களா, தானாக வருவதைப் பார்க்கிறீர்களா? பிராணாயாமம் பழகியவர்கள் முதலில் இழுத்துத்தான் விடுவார்கள். ஆனாபானசதி சூத்திரத்தில் பதினாறு படிகள். முதல் இரண்டிலும் வேலை ஒன்றுதான்: மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறிவது, குட்டையாக வந்தால் குட்டை என்று அறிவது. அதைச் சரிசெய்யச் சொல்லவே இல்லை.


களத்துமேடு, செவ்வாய் காலை 7.30

மின்தொடர் தம்பி சொன்ன மேலுதட்டு அனுபவத்தைப் படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் முகாம் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. பள்ளிக்குப் போகும் பையன், வயதான மாமியார், வேலை எல்லாம் இருக்கும் ஒருவருக்குப் பத்து நாள் என்பது பெரிய ஏற்பாடு. அது கிடைக்கும் வரை வீட்டில் செய்வது அரைகுறை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. சூத்திரத்தில் இடம் சொல்லும்போது காட்டுக்குப் போ, மரத்தடிக்குப் போ என்பதோடு ஆள் இல்லாத இடத்துக்குப் போ என்றும் வருகிறது. காலை ஐந்து மணிச் சமையலறையைவிட ஆள் இல்லாத இடம் ஒரு வீட்டில் எது?


ஒற்றைச்சுடர் (கோவை), செவ்வாய் மதியம் 1.10

முகாம் பற்றி இன்னொரு பக்கமும் பதிவாகட்டும். எந்த மையம் என்று எழுதப்போவதில்லை. விண்ணப்பத்தில் மனநல சிகிச்சை பற்றிக் கேட்ட கேள்விக்கு நான் உண்மையை எழுதாமல் போனேன். மருந்தையும் நானாகவே நிறுத்தியிருந்தேன். நாலாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை, நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. ஆறாம் நாள் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுபடி மருத்துவரைப் பார்த்து நிலைக்கு வர இரண்டு மாதம் ஆனது. மருந்து சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து மறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள்.

இப்போது தினமும் பத்தே நிமிடம் உட்காருகிறேன். சோணர் கதைதான் எனக்குத் துணை. பாதம் கிழிந்து ரத்தம் வரும் அளவுக்கு நடந்து நடந்து தியானம் செய்தும் பலன் இல்லாமல், துறவையே விட்டுவிடலாமா என்று யோசித்த பிக்கு. துறவுக்கு முன்னால் வீணை வாசித்தவர். புத்தர் வந்து அதைத்தான் கேட்கிறார்: நரம்பை மிகவும் முறுக்கினால் வீணை இசைக்குமா? தளர்த்திவிட்டால் இசைக்குமா? நான் முறுக்கியவன். அக்கா, பத்து வரை எண்ண வேண்டும் என்று நீங்களும் கொஞ்சம் முறுக்குகிறீர்களோ என்று தோன்றியது, அதனால்தான் எழுதினேன்.


போதிநிழல் (எழும்பூர்), செவ்வாய் இரவு 9.00

எல்லோரும் மூச்சைப் பற்றியே பேசுகிறீர்கள். மூச்சுக்கு முன்னால் சீலம் இருக்கிறது. கொல்லாமை, திருடாமை, தகாத காமம் இல்லாமை, பொய் சொல்லாமை, போதை இல்லாமை. மின்தொடர் போன முகாமிலும் முதல் நாளே இந்தப் பஞ்சசீலத்தை ஏற்கச் சொல்லித்தான் தொடங்கியிருப்பார்கள். இதை விட்டுவிட்டு மன அழுத்தத்துக்கு மருந்துபோலத் தியானத்தை மட்டும் பிய்த்து எடுத்தால், வேரை விட்டுக் கிளையை நடுவதுபோல.

எங்கள் வீட்டுக்குப் பௌத்தம் வந்தது அயோத்திதாசப் பண்டிதர் வழியில். 1898இல் இலங்கை போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு தம்மம் ஏற்றார். என் தாத்தா அண்ணலின் படத்துக்கு முன்னால்தான் தினமும் 'புத்தம் சரணம்' சொல்வார். எங்களுக்கு இது சுயமரியாதை. சாதியை உதறுவதும் இந்தப் பாதையில் ஒரு படி.

அதனால் முருகனை விட வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: விடச் சொல்லி உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் எதையும் கேள்வி கேட்காமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். காலாமர் என்ற குலத்தாரிடம் புத்தர் சொன்னது அதுதான், மரபு என்பதற்காக நம்பாதே, நூலில் இருக்கிறது என்பதற்காக நம்பாதே, நீயே பார்த்து அறி என்று. இது வெளியூர்ச் சரக்கு என்று மாமியார் நினைத்தால் மணிமேகலையின் முப்பதாவது காதையைக் காட்டுங்கள். புத்தம், தன்மம், சங்கம் என்று மூன்று மணியையும் பணிந்து அவள் அறவண அடிகளிடம் அறம் கேட்பது அங்கே இருக்கிறது, நல்ல தமிழில்.


மின்தொடர், செவ்வாய் இரவு 9.40

சீலம் முதலில் என்பதில் முழு உடன்பாடு, நான் விட்டுவிட்டேன். முருகன் விஷயம் என் அனுபவப்படி: முகாமில் அந்தப் பத்து நாள் மட்டும் ஜபம், விபூதி, வேறு பயிற்சிகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்கச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்தபின் அது அவரவர் விருப்பம். எங்கள் வீட்டில் கார்த்திகைக்கு இன்றும் விளக்கு ஏற்றுகிறோம்.


வன்னிக்காடு (கண்டி), புதன் அதிகாலை 4.50

அக்கா, உங்கள் பதிவை மூன்று தரம் வாசித்தேன். நான் இலங்கைத் தமிழன். எங்களில் பலருக்கு விகாரை என்ற சொல்லோடு சேர்ந்து என்னென்ன நினைவு வரும் என்று உங்களுக்கு விளங்கும் என நம்புகிறேன். எனக்கும் அப்படித்தான். 2009க்குப் பிறகு வெகுகாலம் வெள்ளைக் கொடி கட்டிய போயா (பௌர்ணமி நாள்) ஊர்வலத்தைக் கண்டால்கூடப் பாதை மாறிப் போவேன்.

வேலைக்காகக் கண்டி வந்த பிறகு, கூட வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவர் நிலாம்பேக்குக் கூட்டிப்போனார். தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே மலையில் ஒரு தியான நிலையம். கொட்வின் சமரரத்ன என்ற இல்லறத்தார் அங்கே நெடுங்காலம் கற்பித்தார், 2000இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று: உனக்கு நீயே நண்பனாக இரு, பிடிக்காத நினைவையும் விரட்டாமல் அறிமுகம் செய்துகொள். நான் யாருக்காகவும் மதம் மாறவில்லை. நடந்தது எதையும் மறக்கவும் இல்லை. ஆனால் இந்த மூச்சுக்குக் கொடி கிடையாது என்று அங்கே எனக்குத் தெரிந்தது.

கண்ணை மூடினால் எனக்குச் சத்தம் கேட்கும். என்ன சத்தம் என்று எழுதவில்லை. முதல் நாள் பத்து நிமிடத்தில் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அங்கே கற்பித்தவர் உடனே என்னை எழுப்பி வெளியே கூட்டிப்போய், இரண்டு மரங்களுக்கு இடையில் நடக்க வைத்தார். இருபது அடி போக, இருபது அடி வர. கண் திறந்தபடி. தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன். குளிர்ந்த மண் காலில் படுவது மட்டும்தான் வேலை. ஒரு வருடம் அப்படி நடந்த பிறகுதான் உட்கார முடிந்தது. ஒற்றைச்சுடர் எழுதியதை ஒருவரும் லேசாக எடுக்க வேண்டாம். உட்கார்ந்தால் எல்லோருக்கும் அமைதி வரும் என்று சொல்லக்கூடாது.

உங்கள் அப்பாவைப் பற்றிய அந்தக் கேள்வி வரும் நாளில் எழுந்து மொட்டைமாடியில் நடந்து பாருங்கள். அம்பு பற்றிய சூத்திரம் ஒன்று இருக்கிறது. அம்பு தைத்தவனுக்கு நோகும், அது முதல் அம்பு. அதை நினைத்து நினைத்துப் புலம்பும்போது இரண்டாவது அம்பும் தைக்கிறது. அப்பா போனது முதல் அம்பு, அதை யாராலும் பிடுங்க முடியாது. "ஒரு நாள் முன்னாடி" என்பது இரண்டாவது. எனக்கும் அப்படி ஒரு "முன்னாடி" உண்டு. தம்பியை அந்தப் பாதையால் கூட்டி வராமல் இருந்திருக்கலாம் என்று. அது இன்னும் வருகிறது. வரும்போது "வந்திட்டியா" என்று சொல்லிப் பழகியிருக்கிறேன்.


அடுப்படி, புதன் இரவு 11.05

எல்லோருக்கும் நன்றி. வன்னிக்காடு தம்பி, நீங்கள் எழுதியதற்குப் பதில் எழுத எனக்குச் சொல் இல்லை. நாளைக்கு உட்காரும்போது உங்கள் தம்பியையும் நினைத்துக்கொள்கிறேன்.


அடுப்படி, இருபத்தைந்து நாள் கழித்து, ஞாயிறு காலை 6.15

நடந்ததைச் சொல்ல வந்தேன். மணைக்கட்டை போட்ட பிறகு கால் பிரச்சினை பாதியாகக் குறைந்துவிட்டது. மின்தொடர் அண்ணா கேட்டது சரி, நான் இழுத்துத்தான் விட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தவே பத்து நாள் ஆனது. இப்போது லாபம், ரெண்டு என்று ஐந்து வரை போகிறேன். ஒரு நாளில் நாலைந்து தடவை முழு ஐந்து வருகிறது.

போதிநிழல் ஐயா சொன்ன சீலத்தில் பொய் சொல்லாமையை மட்டும் ஒரு வாரம் முயன்றேன். வீட்டை விட்டே கிளம்பாமல் போனில் "வழியில வந்துட்டே இருக்கேன்" என்று தினமும் சொல்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் "இன்னும் கிளம்பல, இருபது நிமிஷம் ஆகும்" என்று சொன்னேன். எதிர்முனையில் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் காலை உட்கார்ந்தபோது வழக்கமான படபடப்பு கொஞ்சம் குறைவாக இருந்தது. முருகன் விளக்கை நான் விடவில்லை, ஐயா கோபிக்க வேண்டாம். அப்பாவைப் பற்றிய கேள்வி வந்த இரண்டு நாளும் மாடிக்குப் போய் நடந்தேன்.

ஒரு சந்தேகம். முந்தாநாள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே மூச்சு மெலிந்து மெலிந்து, கடைசியில் இல்லவே இல்லை என்பதுபோல ஆகிவிட்டது. பயந்து கண்ணைத் திறந்துவிட்டேன். இது ஏதாவது கோளாறா?


களத்துமேடு, ஞாயிறு காலை 7.50

கோளாறு இல்லை தங்கச்சி. மனமும் உடம்பும் அடங்க அடங்க மூச்சு மெலியும். இந்த இடத்தில் பலர் பயந்து எழுந்துவிடுவார்கள் என்பது புத்தகோசருக்கும் தெரிந்திருக்கிறது. எழுந்திருக்காதே, யோசித்துப் பார் என்கிறார். மூச்சு இல்லாதவர் யார்? தாய் வயிற்றில் இருக்கும் சிசு, நீரில் மூழ்கியவர், நினைவிழந்தவர், இறந்தவர், நான்காம் ஜானம் என்ற ஆழ்ந்த தியான நிலையில் இருப்பவர், இப்படிச் சிலர்தான். நீ இதில் எதுவும் இல்லை, ஆகவே மூச்சு இருக்கிறது, உன் கவனத்துக்குத்தான் எட்டவில்லை.

அப்புறம் ஒன்று சொல்கிறார், உழவர் வீட்டுப் பிள்ளையான எனக்கு இதுதான் மிகப் பிடித்த இடம். உழுதுவிட்டு மாடுகளை மேயவிட்டு ஒருவன் நிழலில் உட்கார்கிறான். மாடு காட்டுக்குள் போய்விடுகிறது. விவரம் தெரிந்த உழவன் காலடியைத் தேடிக்கொண்டு காடெல்லாம் அலையமாட்டான். கயிறும் தார்க்குச்சியும் எடுத்துக்கொண்டு நேரே அவை தண்ணீர் குடிக்க வரும் துறைக்குப் போய் உட்கார்ந்துகொள்வான். மேய்ந்து முடித்துத் தாகம் எடுத்ததும் மாடு அங்கே வந்துதானே ஆக வேண்டும்.

மூச்சு காணாமல் போனால் தேடிப் போகாதீர்கள், பலமாக இழுத்தும் பார்க்காதீர்கள். வழக்கமாக அது எங்கே படுகிறதோ, மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ, அங்கேயே கவனத்தை வைத்துக் காத்திருங்கள். எண்ணவும் வேண்டாம். நாளைக்கு என்ன ஆனது என்று எழுதுங்கள்.


அடுப்படி, திங்கள் காலை 5.35

பால்காரர் இன்னும் வரவில்லை, அதற்குள் எழுதிவிடுகிறேன். இன்றைக்கும் மூச்சு காணாமல் போனது. மேலுதட்டிலேயே இருந்தேன். பயம் வந்தது, ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது மூக்கில் மட்டும், குளிர்ச்சியாக, ரொம்ப மெல்லிசாக வந்தது.